கண் திறக்காத நாய்

ஜப்பானின் பெரிய தீவான ஹோன்ஷுவின் வடகோடியில் அவோமோரி என்றொரு நகரம். அங்கே இருக்கும் கலை அருங்காட்சியகத்தை ஒட்டிய பள்ளம் ஒன்றில் 8.5 மீட்டர் உயரத்தில் ஒரு வெள்ளை நாய் நிற்கிறது. கண் மூடியிருக்கும். தலை லேசாகக் குனிந்திருக்கும். முன்னால் அதன் அளவுக்கு ஏற்ற ஒரு சாப்பாட்டுக் கிண்ணம். உடம்பின் கீழ்ப்பாதி மண்ணுக்குள் புதைந்துவிட்டதா, இல்லை மண்ணிலிருந்து இப்போதுதான் எழுந்து வருகிறதா என்று சொல்ல முடியாது. ஜப்பானிய ஓவியர் யோஷிதோமோ நாரா 2005இல் செய்தது, பெயர் 'அவோமோரி நாய்'.

சில வருடங்களாக எனக்கு ஆறுதல் இந்த நாய்தான். சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தூக்கம் சுத்தமாகப் போயிருந்த ஒரு காலத்தில் (ஏன் போனது என்பது இங்கே வேண்டாம், எல்லாருக்கும் போகிற காரணங்களில் ஒன்றுதான்) நடுராத்திரியில் போனில் எதையோ தேடப்போய், தலையில் பனி குவிந்திருந்த இந்த நாயின் படம் வந்து நின்றது. கூம்பாகப் பனி, யாரோ தொப்பி மாட்டிவிட்டுப் போன மாதிரி. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். அழகு என்று தோன்றவில்லை, சோகம் என்றும் தோன்றவில்லை, இது என்னிடம் எதையும் கேட்கவில்லை என்பதுதான் முதலில் தோன்றியது. அந்த நாட்களில் எல்லாரும் என்னிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அன்போடுதான்: சாப்பிட்டாயா, தூங்கினாயா, டாக்டரைப் பார்த்தாயா, இப்போது பரவாயில்லையா. பரவாயில்லை, பரவாயில்லை என்று சொல்லிச் சொல்லியே ஓய்ந்துபோயிருந்தேன்.

அதற்குப் பிறகு நாராவின் நாய்கள் எங்கெல்லாம் இருக்கின்றன என்று தேட ஆரம்பித்தேன். நிறைய இருக்கின்றன. காகிதத்தில், கேன்வாஸில், ஃபைபர்கிளாஸில். 1999இல் 'உங்கள் குழந்தைப்பருவத்து நாய்கள்' என்று ஒரு சிற்பம், 2002இல் 'உன் நாய்' என்று இன்னொன்று. ரேடியோகூட நாய் வடிவத்தில் செய்திருக்கிறார். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நாய். தொங்கும் காது, இருண்ட மூக்கு, மூடிய இமை. மூடிய கண் சாய்ந்த ஒரு கோடாக இருப்பதால் தூங்குகிறதா, அழுது ஓய்ந்திருக்கிறதா, இல்லை சும்மா நினைவில் ஆழ்ந்திருக்கிறதா என்பது பார்க்கிறவர் பாடு.

நாரா என்றதும் பெரும்பாலானவர்களுக்கு நினைவு வருவது நாய் இல்லை, சிறுமிகள்தான். பெரிய தலை, முறைக்கிற கண், இறுக்கிய உதடு. சில படங்களில் கையில் சின்னக் கத்தி. 2000இல் வரைந்த 'முதுகுக்குப் பின்னால் கத்தி' என்ற ஓவியத்தில் சிவப்பு உடுப்புப் போட்ட ஒரு சிறுமி நம்மைப் பார்த்து நிற்கிறாள், கை பின்னால் இருக்கிறது, கத்தி கண்ணுக்கே தெரியாது, தலைப்பைப் படித்தால்தான் வயிற்றில் ஒரு கலக்கம் வரும். 2019 அக்டோபரில் ஹாங்காங்கில் நடந்த ஏலத்தில் அது 19.5 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் போனது, அமெரிக்க டாலரில் சுமார் 2.5 கோடி. அந்தச் சிறுமிகளை எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர்கள் ஆறுதல் தருகிறவர்கள் இல்லை. முறைக்கிறவளுக்கு நாம் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். என்ன தப்பு செய்தோம், எப்போது செய்தோம் என்று யோசிக்க வைத்துவிடுவாள். கோபம் இருக்கிற நாளில் அவள் துணைக்கு வருவாள், சரி. சோர்ந்து கிடக்கிற நாளில் அவள் முன்னால் நிற்பதற்கே தெம்பு வேண்டும்.

அப்புறம் அவளுடைய கண்கள் வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. தொண்ணூறுகளில் கூராக, ஓரமாகப் பார்க்கிற கண். பிறகு வந்த பெரிய முகங்களில் நிறத்தின் மேல் நிறமாக அடுக்கி, உள்ளே ஏதோ மினுங்குகிற கண், சில சமயம் நீர் கட்டி நிற்கிற கண். ஓவியருக்கு வயதாக ஆக அவளுக்கும் உள்ளுக்குள் வயதாகிறது போல. இதை ஒரு வளர்ச்சி என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள், நியாயம்தான். நாயிடம் அந்தக் கதையே இல்லை. பழைய நாயையும் பின்னால் வந்த நாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரிய மாற்றம் எதுவும் சொல்ல முடியாது. கலை விமர்சனத்தில் இது குறையாக இருக்கலாம். எனக்கு இதுதான் வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை போய்ப் பார்க்கும்போதும் முன்பு விட்டுவந்த இடத்திலேயே, அதே முகத்தோடு இருக்கிற ஒருவர். வீட்டில் திண்ணையோரம் எப்போதும் உட்கார்ந்திருக்கிற, அதிகம் பேசாத தாத்தா மாதிரி.

"எவ்வளவு க்யூட்" என்று இந்த நாயின் படத்துக்குக் கீழே நிறையப் பேர் எழுதுவதைப் பார்க்கிறேன். சண்டை போடவில்லை, ஆனால் உடன்பாடில்லை. க்யூட்டான ஒன்று நம்மைக் கொஞ்சச் சொல்லும். எட்டரை மீட்டரை எப்படிக் கொஞ்சுவது? அதன் மூக்கு நம் தலைக்கு எவ்வளவோ மேலே இருக்கிறது. சின்னப் பொம்மையின் முகத்தை எடுத்து மலை அளவு ஆக்கிவிட்டால், பொம்மைத்தனம் போய் வேறு ஏதோ வந்து உட்கார்ந்துவிடுகிறது. நாம் சின்னதாகிவிடுகிறோம். குழந்தையாக இருந்தபோது பெரியவர்கள் பக்கத்தில் நின்ற உயரத்துக்கு இறங்கிவிடுகிறோம். அந்த உயரத்தில் யாரும் நம்மிடம் பொறுப்பை எதிர்பார்ப்பதில்லை.

கிண்ணத்தைப் பற்றிக் கொஞ்சம். நாய் ஒன்றும் கேட்கவில்லை என்று மேலே எழுதினேன், ஆனால் முன்னால் சாப்பாட்டுக் கிண்ணம் இருக்கிறதே, அது கேட்பது இல்லையா என்று ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்வி, ரொம்ப நாள் உள்ளே கிடந்தது. கிண்ணத்தில் சாப்பாடு இல்லை, யாராலும் நிரப்பவும் முடியாது, அந்த அளவுக்குப் பெரியது. அந்த நாய்க்குப் பசி இருக்கலாம். ஆனால் அது கிண்ணத்தையும் பார்க்கவில்லை, நம்மையும் பார்க்கவில்லை. தனக்கு ஒரு குறை இருக்கிறது என்பதை மறைக்கவும் இல்லை, அதை வைத்து நம்மை உருக்கவும் இல்லை. ஒரு ஓரமாகக் குறை இருக்கிறது, இன்னொரு பக்கம் தான் இருக்கிறது, அவ்வளவுதான். இப்படி இருக்க முடியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. குறையை மறைக்க வேண்டும், இல்லையென்றால் தீர்க்க வேண்டும், நடுவில் மூன்றாவது வழி எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

நாரா 1959 டிசம்பரில் அவோமோரி மாநிலத்தில், ஹிரோசாகி என்ற ஊரில் பிறந்தார். ஆப்பிள் தோட்டங்களுக்குப் பேர்போன ஊர். அண்ணன்மார் இருவரும் வயதில் ரொம்பப் பெரியவர்கள், அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பள்ளி விட்டு வந்தால் பூட்டிய வீடு, தானே திறந்துகொள்ள வேண்டும், உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். துணைக்கு வீட்டு மிருகங்களும் காமிக்ஸும் வானொலியும். மிசாவாவில் அமெரிக்க விமானப்படைத் தளம் இருந்ததால் அமெரிக்கப் படையினருக்கான ஒலிபரப்பு அந்தப் பக்கமெல்லாம் கேட்கும். மொழி புரியாது, பாட்டு மட்டும் புரியும். இசைத்தட்டு வாங்கினால் அட்டைப்படத்தையே மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பாராம், அதுதான் தன்னுடைய முதல் ஓவியப் பள்ளி என்கிற அர்த்தத்தில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

பிறகு 1988இல் ஜெர்மனி. டுஸ்ஸல்டார்ஃப் கலைக் கல்லூரியில் படித்தார், ஜெர்மன் ஓவியர் ஏ. ஆர். பெங்க் அங்கே அவருடைய ஆசிரியர். காகிதத்தில் கிறுக்குகிற மாதிரியே கேன்வாஸிலும் வரைந்து பார் என்று பெங்க் சொன்னதுதான் திருப்பம் என்பார்கள். படிப்பு முடிந்து கொலோன் நகரத்தில் ஸ்டூடியோ வைத்துக்கொண்டு 2000 வரை அங்கேயே இருந்தார். மொழி சரியாகப் பிடிபடாத ஊர், குளிர், சீக்கிரம் இருட்டிவிடும் சாயங்காலம். அந்தத் தனிமை தன்னைச் சின்ன வயது ஹிரோசாகிக்கே கொண்டுபோய் விட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். பின்னணி எதுவும் இல்லாமல், மரம் வீடு தெரு எதுவும் இல்லாமல், வெறும் நிறத்தின் நடுவில் தனியாக ஒரு உருவம் நிற்கிற அவருடைய பாணி உறுதிப்பட்டது அங்கேதான். முப்பதைத் தாண்டிய ஒரு ஆண், வேற்றூரில் ராத்திரி உட்கார்ந்து குழந்தைகளையும் நாய்களையும் வரைந்துகொண்டிருக்கிறார். இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பொறாமையும் வருகிறது.

ஒரு கலைஞரின் வாழ்க்கையை எடுத்து அவருடைய படத்துக்கு விளக்கமாக ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. தனியாக வளர்ந்த எல்லாரும் நாய் வரைவதில்லை. ஆனால் பூட்டிய வீட்டுக்குத் திரும்பி வந்த குழந்தைக்கு என்ன மாதிரித் துணை வேண்டியிருக்கும் என்பது இந்த நாயைப் பார்த்தால் தெரிகிறது. அறிவுரை சொல்கிற துணை இல்லை. விளையாட இழுக்கிற துணைகூட இல்லை. அறையில் இன்னொரு உயிர் இருக்கிறது, மூச்சு விடுகிறது, அது போதும்.

1999இல் அவர் ஒரு பட நூல் செய்தார், நண்பன் வேண்டும் என்று ஏங்குகிற நாய்க்குட்டியின் கதை. அதில் ஒரு விஷயம் எனக்கு இன்றுவரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த நாய் தனியாக இருப்பதற்குக் காரணம் அது ரொம்பப் பெரியது என்பதுதான். அவ்வளவு பெரியதாக இருப்பதாலேயே யார் கண்ணிலும் படுவதில்லை. கடைசியில் ஒரு சின்னப் பெண் அதன் மேல் ஏறிப் போகிறாள், பிறகு நட்பாகிறார்கள். குழந்தைகள் கதையில் வழக்கமாகத் தனியாக இருப்பது சின்னது, மெலிந்தது, கூட்டத்தில் காணாமல் போவது. இங்கே தலைகீழ். பெரிய துக்கத்தோடு சுற்றுகிற ஆட்களும் இப்படித்தான் கண்ணில் படாமல் போகிறார்கள் என்று நினைக்கிறேன். சின்ன எரிச்சல் என்றால் உடனே முகத்தில் தெரிந்துவிடும், நாலு பேர் கேட்பார்கள். பெரியது அந்த ஆளோடு சேர்ந்து வீடு முழுக்க நிறைந்துவிடுகிறது, பிறகு அதுதான் வீடு என்று எல்லாரும் பழகிவிடுகிறார்கள்.

பெரிய மிருகங்களைச் செய்த கலைஞர்கள் இன்னும் உண்டு. டச்சுக் கலைஞர் ஃப்ளோரென்டைன் ஹோஃப்மனின் மஞ்சள் ரப்பர் வாத்து 2007லிருந்து ஊர் ஊராகத் துறைமுகங்களில் மிதந்தது, 2013இல் ஹாங்காங்குக்கு வந்தபோது கூட்டம் அலைமோதியது. எனக்கு அந்த வாத்தோடு ஒட்டவில்லை. பார்த்ததும் மகிழ்ச்சியாக இரு என்கிறது, இல்லாவிட்டால் உன்னிடம்தான் ஏதோ கோளாறு என்கிற மாதிரி. சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவின் சிலந்தி வேறு ரகம். 9 மீட்டருக்கு மேல் உயரம், வயிற்றில் பளிங்கு முட்டைகள், ஒன்று டோக்கியோவின் ரோப்பொங்கி ஹில்ஸிலும் நிற்கிறது. பூர்ஷ்வாவின் அம்மா பழைய திரைச்சீலைகளைச் செப்பனிடும் தொழில் செய்தவர், அதனால் நெய்கிற சிலந்தி அவருக்கு அம்மா. கால்களுக்கு நடுவில் போய் நின்றால் பயமும் பாதுகாப்பும் சேர்ந்தே வருகின்றன. அதை நான் மதிக்கிறேன், ஆனால் அங்கே நிற்கும்போது என் அம்மாவை நினைக்காமல் இருக்க முடியாது, அது தனி வேலை. நாய் யாரையும் நினைவுபடுத்துவதில்லை. நான் நாய் வளர்த்ததுகூடக் கிடையாது.

சரி, அந்தப் பள்ளத்துக்கு வருவோம், ஏனென்றால் இந்த நாயில் பாதி அந்தப் பள்ளம்தான்.

அருங்காட்சியகத்துக்கு அருகிலேயே சன்னாய் மருயாமா இருக்கிறது. ஜோமோன் என்கிற ஜப்பானியக் கற்காலத்து ஊர், சுமார் 5,900 வருடத்திலிருந்து 4,200 வருடத்துக்கு முன்பு வரை மக்கள் வாழ்ந்த இடம். 1992இல் பேஸ்பால் மைதானம் கட்டுவதற்காகத் தோண்ட ஆரம்பித்தபோது வந்துகொண்டே இருந்தது: வீடுகள், பெரிய மரத்தூண்களின் அடிப்பாகங்கள், மண்பாண்டங்கள், தட்டையான சுடுமண் உருவங்கள். 1994இல் மைதானத்தை நிறுத்திவிட்டு இடத்தைக் காப்பாற்றுவது என்று முடிவெடுத்தார்கள். 2021இல் வடக்கு ஜப்பானின் மற்ற ஜோமோன் இடங்களோடு சேர்ந்து உலகப் பாரம்பரியச் சின்னமானது. பேஸ்பால் பைத்தியம் பிடித்த ஒரு நாட்டில் மைதானத்தை விட்டுக்கொடுப்பது சாதாரணம் இல்லை.

2006 ஜூலையில் திறந்த அருங்காட்சியகத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஜுன் அவோகி இந்த அகழாய்விலிருந்தே யோசனையை எடுத்தார். தரையில் அகழாய்வுக் குழிகள் மாதிரி வெட்டி, அதன் மேல் வெள்ளைச் செங்கல் கட்டடத்தை இறக்கிவைத்த மாதிரிச் செய்தார். உள்ளே சில அறைகளில் சுவரும் தரையும் மண்தான். நாய் நிற்பது அப்படிப்பட்ட ஒரு வெட்டுக்குள். அதனால்தான் அது யாரோ கொண்டுவந்து வைத்த சிலை மாதிரி இல்லாமல், தோண்டும்போது கிடைத்தது மாதிரி இருக்கிறது. தோண்டித் தோண்டிப் போய், இடுப்பு வரை வந்ததும், சரி, இதற்கு மேல் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நிறுத்திவிட்ட மாதிரி. ஜோமோன் மக்கள் நாய்களை அக்கறையோடு புதைத்திருக்கிறார்கள், ஜப்பானில் பல இடங்களில் அப்படிப் புதைத்த நாய்களின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. நாரா இதை மனதில் வைத்துத்தான் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தெரிந்த பிறகு அந்தப் பள்ளத்தை வெறும் பள்ளமாகப் பார்க்க முடியவில்லை. எத்தனையோ ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இதே வட்டாரத்தில் யாரோ ஒருவர் செத்துப்போன நாயைத் தூக்கி எறியாமல், குழி வெட்டி, படுக்கவைத்திருப்பார். துக்கம் என்பது நமக்கு மட்டும் வந்த புது வியாதி இல்லை என்று அறிவுக்குத் தெரியும். அந்தக் குழியின் ஓரத்தில் அது கொஞ்சம் உடம்புக்கும் தெரிகிறது.

நேரில் போனது ஒரு குளிர்காலத்தில். டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் என்கிற அதிவேக ரயிலில் ஷின்-அவோமோரி நிலையம் வரை மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். வழியில் நிலம் மெல்ல மெல்ல வெள்ளையாகிக்கொண்டே வரும். அவோமோரி உலகத்திலேயே அதிகம் பனி விழுகிற நகரங்களில் ஒன்று, ஒரு பருவத்தில் மொத்தமாக 5 மீட்டருக்கு மேல் விழும். பனிக்காலத்தில் நாயின் காலடிக்குப் போகும் வெளிப்பாதையை மூடிவிடுவார்கள், அது தெரிந்துதான் போனேன். எனக்குப் பனித் தொப்பியோடுதான் அதைப் பார்க்க வேண்டும். உள்ளே முதலில் ஓவியர் ஷாகால் ஒரு பாலே நடனத்துக்காக வரைந்த பிரம்மாண்டமான மேடைத் திரைகள் தொங்கும் கூடம். உலகமே தேடிப்போகிற விஷயம், நியாயமாக நின்று பார்த்திருக்க வேண்டும், நான் கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நகர்ந்துவிட்டேன். பிறகு நாராவின் அறைகள். அதில் ஒரு ஜன்னல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது.

பெரியது என்று படித்திருந்தேன், ஆனாலும் கண்ணாடி முழுக்க நாயாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. தலையில் பனி, மூக்கின் மேல் பனி, கிண்ணத்தில் பனி நிரம்பி வழிகிறது, ஒரு வழியாக யாரோ சோறு போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் ஒரு வயதான பெண்மணி, ஒரு சின்னப் பையன். பையன் கண்ணாடியைத் தட்டி நாயைக் கூப்பிட்டான். அந்த அம்மா அவனைத் தடுத்து, உதட்டில் விரல் வைத்து, நாயைக் காட்டினார். எழுப்பாதே என்று அர்த்தம். பையனும் உடனே குரலைத் தணித்துக்கொண்டான். எனக்கு அவர்கள் மொழி தெரியாது, ஆனாலும் அந்த இடத்தில் எல்லாரும் கொஞ்சம் மெதுவாகத்தான் பேசினார்கள். தூங்குகிற ஒன்றின் பக்கத்தில் மனிதர்கள் தானாக நல்லவர்களாகிவிடுகிறார்கள்.

நான் அழவில்லை. அழுவேன் என்று நினைத்துப் போயிருந்தேன், கைக்குட்டைகூட எடுத்து வைத்திருந்தேன். அதற்குப் பதிலாக அங்கிருந்த இருக்கையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டேன், ஒன்று மேல் ஒன்றாக, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. அன்று ராத்திரி ஹோட்டலில் நன்றாகத் தூங்கினேன். நாய்தான் தூங்கவைத்தது என்று சொல்ல மாட்டேன், பயணக் களைப்பும் குளிரும் இருந்தன. தூக்கம் நிரந்தரமாகத் திரும்பியதற்கு மருத்துவரும் மாத்திரையும் நேரமும்தான் காரணம். கலை குணப்படுத்தும் என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஆறுதலும் குணமாவதும் வேறு வேறு. குணமாகிற வரைக்கும் ராத்திரிகளைக் கடக்க வேண்டுமே, அதற்கு இந்த நாய் உதவியது. அந்த அளவுக்கு உதவியதை நான் மறக்க மாட்டேன், அதற்கு மேல் அதன் தலையில் பாரத்தை ஏற்றவும் மாட்டேன்.

இதே சந்தேகம் அதைச் செய்தவருக்கே வந்திருக்கிறது. 2011 மார்ச் 11 நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது நாரா டொச்சிகி மாநிலத்தில், ஃபுகுஷிமாவுக்கு ரொம்பத் தூரம் இல்லாத நாசு பகுதியில் குடியிருந்தார். தான் பிறந்து வளர்ந்த தோஹோகு வட்டாரம் அப்படி ஆனதைப் பார்த்த பிறகு கொஞ்ச காலம் அவரால் ஓவியம் வரைய முடியவில்லை. இந்த நேரத்தில் படம் வரைந்து என்ன ஆகப்போகிறது என்கிற கேள்வி. பிறகு தான் படித்த ஐச்சி கலைப் பல்கலைக்கழகத்துக்கே திரும்பிப் போய், மாணவர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு, களிமண்ணைப் பிசைந்து பெரிய பெரிய தலைகளைச் செய்தார். கருவிகளை அதிகம் நாடாமல் கையாலேயே. அவை பிறகு வெண்கலத்தில் வார்க்கப்பட்டன, விரல் பதிந்த தடங்கள் வெண்கலத்திலும் அப்படியே இருக்கின்றன. எத்தனையோ பேருக்கு ஆறுதல் கொடுத்த ஒருவர், தனக்கு வேண்டியபோது தன் படங்களிடம் போகாமல் மண்ணிடம் போயிருக்கிறார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது இதைப் படித்தபோதுதான். தன்னுடைய நாய் தனக்கு வேலை செய்யவில்லை என்றால் அதை ஒப்புக்கொண்டு நகர்வதற்கும் ஒரு நேர்மை வேண்டும்.

ஹிரோசாகியில் இன்னொரு நாய் இருக்கிறது, அதைப் பற்றி வெளியூர்க்காரர்கள் அதிகம் பேசுவதில்லை. அங்கே ஒரு பழைய செங்கல் கிடங்கு, முதலில் சாக்கே மது தயாரித்த இடம், பிறகு ஆப்பிளிலிருந்து சைடர் என்கிற பானம் தயாரித்தார்கள், பிறகு சும்மா கிடந்தது. அதில் நாராவின் மூன்று கண்காட்சிகள் நடந்தன, 2002, 2005, 2006. மூன்றையும் நடத்தியது ஊர் மக்கள், தன்னார்வலர்களாக வந்து ஆணி அடித்து, பெயின்ட் அடித்து, டிக்கெட் கிழித்து. 2006இல் கிடங்குக்குள் சின்னச் சின்ன மர வீடுகளாகவே கட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் படங்களை வைத்தார்கள். அதற்கு நன்றியாக நாரா ஊருக்கு ஒரு நாயைக் கொடுத்தார். வழக்கமான நினைவுச் சிலையோ கல்வெட்டோ தராமல் நாயைத் தந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. முதலில் பக்கத்துப் பூங்காவில் நின்றது, 2020இல் அந்தக் கிடங்கு ஹிரோசாகி சமகாலக் கலை அருங்காட்சியகமாகத் திறந்த பிறகு உள்ளே வந்துவிட்டது. அவோமோரி நாய் அளவுக்குப் பெரியது இல்லை. அதன் பக்கத்தில் நின்றால் மூச்சடைக்காது. அவோமோரியில் இருப்பது கோயில் என்றால் இது வீடு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அருங்காட்சியகக் கடையில் அவோமோரி நாய் உண்டியல் விற்கிறார்கள், உள்ளங்கைக்கு அடங்குகிற அளவில். வாங்கினேன். இவ்வளவு நேரம் அளவு, அளவு என்று எழுதிவிட்டு சின்ன நாயை வாங்கியதற்கு என்ன விளக்கம் என்றால், ஒன்றும் இல்லை, கடையைத் தாண்டி வர முடியவில்லை. மேஜையில் இருக்கிறது. ஆனால் அது அந்த நாய் இல்லை. சின்னதாக்கியதும் அது உண்மையாகவே க்யூட் ஆகிவிட்டது, நான் மேலே மறுத்ததெல்லாம் இதற்குப் பொருந்தாது. வருகிறவர்கள் எடுத்து ஆட்டிப் பார்க்கிறார்கள், காசு சத்தம் கேட்கிறதா என்று. நாராவின் உருவங்கள் சட்டை, கோப்பை, சாவிக்கொத்து என்று எல்லாவற்றிலும் வந்துவிட்டன என்று குறைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. 2.5 கோடி டாலர் ஓவியம் யார் வீட்டுச் சுவரிலோ இருக்கும், கொடுக்கிறவர் கொடுக்கட்டும். சாவிக்கொத்து நாய் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் பையில் தொங்கிக்கொண்டு பரீட்சைக்குப் போகிறது, அதுவும் நல்ல வேலைதான்.

போக நினைக்கிறவர்களுக்கு: நாயைத் தொட்டுப் பார்க்கிற தூரத்தில் நிற்க வேண்டுமென்றால் பனி இல்லாத மாதங்களில் போங்கள், வெளிப்பாதை திறந்திருக்கிறதா என்று அருங்காட்சியகத்தின் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கண்ணாடி வழியாகப் போதும் என்றால் குளிர்காலம், கூட்டமும் குறைவு. அவோமோரியிலிருந்து ஹிரோசாகிக்கு ரயிலில் சுமார் முக்கால் மணி நேரம்தான். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம், ஆனால் நான் அப்படிச் செய்ய மாட்டேன். முதல் நாயிடம் அவசரமில்லாமல் ஒரு மதியம் முழுக்க இருந்துவிட்டு, மறுநாள் காலையில் அடுத்ததற்குப் போவேன்.